மதுரை – தேக்கடி, ஒரே நாளில் போய் வர: கோடையில் எந்தப் படகு?

அரசரடி_அப்பா · செவ்வாய், காலை 9.12

வணக்கம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஒரு புதனோ வியாழனோ தேக்கடி போயிட்டு ராத்திரியே மதுரை திரும்பணும். ஆள் அஞ்சு: நாங்க ரெண்டு பேர், 8 வயசுப் பையன், மூட்டுவலி இருக்குற அம்மா, தங்கச்சி. சொந்தக் கார். தங்குற எண்ணம் இல்லை. கேள்வி மூணு. எந்த நேரப் படகு எடுக்கணும்? இந்த வெயில்ல மிருகம் கண்ணுல படுமா, இல்ல வெறும் தண்ணியைப் பாத்துட்டு வரணுமா? சுருளி அருவி, மசாலாத் தோட்டம், யானை சவாரி எல்லாத்தையும் அதே நாள்ல சேத்துக்கலாமா?

மூணாவது_கியர் · செவ்வாய், காலை 9.40

மூணாவது கேள்விக்கு முதல்ல பதில்: முடியாது. ஏன்னு கணக்கு போட்டா தெரியும்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி 40 கி.மீ. ஆண்டிபட்டி கணவாய் ஏறி இறங்கினா தேனி 75-க்கு மேல். அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், மலையடிவாரத்துல லோயர்கேம்ப், மேல கேரள எல்லை ஊர் குமுளி. மொத்தம் 140 கி.மீ. சுமார். மேப் மூணு மணி நேரம்னு காட்டும். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி ஊருக்குள்ள நிக்கிறது, ஒரு டீ, ஒரு டிபன் எல்லாம் சேத்து மூன்றரையிலிருந்து நாலு வைங்க. போக வர எட்டு மணி நேரம் ரோட்டுக்கே போயிருச்சு. படகு ஒன்றரை மணி நேரம். படகுக்கு முன்னாடி வண்டியை நிறுத்தி, டிக்கெட் எடுத்து, பூங்கா பஸ் ஏறி, துறைக்கு இறங்குறதுக்கு ஒன்றரை மணி நேரம். பதினோரு மணி நேரம் ஆச்சு. இதுல சுருளியை எங்க சொருகுவீங்க?

லோயர்கேம்ப்ல இருந்து குமுளி வரைக்கும் மலைப்பாதை ஆறேழு கி.மீ. தான். ஆனா அந்தக் கொஞ்ச தூரத்துல நானூறு மீட்டருக்கு மேல ஏத்தம். அஞ்சு ஆள், ஏசி, மே மாசம்னா டெம்பரேச்சர் முள்ளு மேல கண் வைங்க. முள்ளு ஏறினா முதல்ல ஏசியை அணைங்க. அப்பவும் இறங்கலைன்னா அகலமான இடமா பார்த்து ஓரங்கட்டி பானெட்டை மட்டும் திறந்து வைங்க. ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க, கொதிதண்ணி முகத்துல அடிக்கும்.

இறங்கும்போதுதான் ஆள் தப்பு பண்றாங்க. எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்கணும். நாலாவதுல போட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா பாதி மலையில கருகுன வாடை வரும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பிரேக் ஆயில் கொதிச்சு குமிழ் விட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். நிறுத்தி இருபது நிமிஷம் ஆற விடுங்க. சூடான டிஸ்க் மேல தண்ணி ஊத்தாதீங்க, வளைஞ்சிரும். கொண்டை ஊசியில மேல ஏறுற பஸ்ஸுக்குத்தான் முதல் வழி.

பெட்ரோல் கம்பத்துலயோ கூடலூர்லயோ போட்டுக்குங்க. கேரளாவுல விலை கூட. சொந்த வண்டிக்கு எல்லையில பர்மிட் வேண்டாம். வாடகைக் கார்னா கேரளா பர்மிட் இருக்கான்னு முந்தின நாளே டிரைவர்கிட்ட கேட்டுக்குங்க. விடியக்காலை செக்போஸ்ட்ல நின்னுக்கிட்டு அதைக் கேட்கக் கூடாது.

பாம்புத்தாரா · செவ்வாய், காலை 10.25

படகு நேரம் 7.30, 9.30, 11.15, 1.45, 3.30. ஐந்து நடை. இதில் 11.15-ஐயும் 1.45-ஐயும் மறந்துவிடுங்கள். உச்சி வெயிலில் யானை, காட்டெருது, மிளா எல்லாம் மர நிழலுக்குள் நின்றுவிடும். அந்த நேரப் படகில் கிடைப்பது நீர்க்காகமும் கண் கூச்சமும்தான்.

மிச்சம் 7.30, 9.30, 3.30. கோடையில் மதுரைக்காரர்களுக்கு 3.30 என்பேன். காரணம் இரண்டு. 7.30-க்கு ஏற வேண்டுமானால் மதுரையில் விடியற்காலை 2.30-க்குக் கிளம்ப வேண்டும், தூக்கம் கெட்ட டிரைவர் கையில் மலைப்பாதை. அதைவிட முக்கியமாக, பகல் முழுக்கக் காய்ந்த விலங்குகள் வெயில் தாழ்ந்ததும் கரைக்கு இறங்குவது நான்கு மணிக்கு மேல்தான். அந்தப் படகு அப்போது ஏரி நடுவில் இருக்கும்.

ஆனால் இது மழை இல்லாத கோடை நாளுக்கு மட்டும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பிற்பகலில் இடிமழை கட்டும். மதுரையில் மேற்கே கறுத்தாலே போதும், அங்கே கொட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நல்ல கோடை மழை பெய்துவிட்டால் காட்டுக்குள் குட்டைகளில் தண்ணீர் தேங்கிவிடும். பிறகு விலங்குக்கு ஏரிக்கு வர வேண்டிய தேவையே இல்லை. ஜூனில் போய்விட்டு ஒன்றுமே இல்லை என்று திட்டுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் மழை இன்னும் நிச்சயம் என்பதால் அப்போது காலைப் படகு.

புலி? புலிகள் காப்பகம் என்ற பெயரை நம்பி யாரும் வர வேண்டாம். படகிலிருந்து புலி தெரிவது மிக அபூர்வம். மிளா, காட்டெருது, காட்டுப்பன்றி மூன்றும் ஏறக்குறைய உறுதி. யானை, நல்ல கோடை நாளில் நிறைய வாய்ப்பு. நீர்நாய், செந்நாய் அதிர்ஷ்டம்.

கூடலூர்_தோட்டம் · செவ்வாய், பகல் 12.03

மேல சொன்னவர் மாசத்தை வெச்சு சொல்றாரு. மாசத்தை விட நல்ல அளவுகோல் ஒண்ணு உங்க கையிலேயே இருக்கு. பேப்பர்ல தினம் போடுறானே, முல்லைப் பெரியாறு அணை நீர்மட்டம். நாங்க நெல்லுக்குப் பாக்குறோம், நீங்க குடிதண்ணிக்குப் பாக்குறீங்க. தேக்கடி ஏரிங்கிறது அந்த அணையில தேங்குற தண்ணிதான். 1895-ல அணை கட்டி முடிச்சப்ப காட்டுக்குள்ள தண்ணி ஏறி நின்னுச்சு, அதுதான் இன்னிக்கு ஏரி. சுத்தி காடு, அதைச் சரணாலயமாக்கி, 1978-ல புலிகள் காப்பகம், 1982-ல உள்பகுதி தேசியப் பூங்கா. இப்ப மொத்தம் 925 சதுர கி.மீ.

அனுமதிச்ச உயரம் 142 அடி. 104 அடிக்குக் கீழ போனா, தமிழ்நாட்டுக்குத் தண்ணி கொண்டுவர்ற சுரங்கத்தோட வாய்க்குத் தண்ணி ஏறாது, நம்ம பக்கம் சொட்டு வராது. இந்த ரெண்டுக்கும் நடுவுல மட்டம் எங்க நிக்குதோ அதை வெச்சுத்தான் மிருகம்.

135-க்கு மேல நின்னா தண்ணி காட்டு மரத்து அடியைத் தொட்டுக்கிட்டு இருக்கும். கரைன்னு ஒண்ணு கிடையாது. யானை தண்ணி குடிச்சாலும் மரத்துக்குப் பின்னாடி நின்னே குடிக்கும், படகுல இருக்குறவனுக்குத் தும்பிக்கை கூடத் தெரியாது. 120-க்குக் கீழ இறங்குச்சுன்னா காட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல அகலமா சேத்து நிலம் வெளிய வரும். ஈரச் சேறு, வெயில், பத்து நாள்ல பச்சைப் புல்லு முளைச்சிரும். சுத்துக் காடெல்லாம் காஞ்சு கெடக்குறப்ப பச்சை அங்க மட்டும்தான். காட்டுமாடு, மான் எல்லாம் தண்ணிக்கு மட்டும் வரல, அந்தப் புல்லுக்கும்தான் வருது. வெட்டவெளியில மேயும், நல்லாத் தெரியும்.

ஆக கிளம்புறதுக்கு முந்தின நாள் பேப்பரைப் பாருங்க. 115-லிருந்து 120-க்குள்ள இருந்தா தாராளமா போங்க. மட்டம் ரெண்டு மூணு நாளா ஏறிக்கிட்டு இருந்தா மழை விழுந்துருச்சுன்னு அர்த்தம், எதிர்பார்ப்பைக் குறைச்சுக்குங்க.

அரசரடி_அப்பா · செவ்வாய், பகல் 12.31

பேப்பர்ல அந்தக் கட்டத்தைத் தினம் பாக்குறோம், இதுக்கு உதவும்னு தோணவே இல்லை. மட்டம் குறைஞ்சா படகு ஓடுமா? அம்மாவுக்குப் படி ஏறுறது கஷ்டம்.

கூடலூர்_தோட்டம் · செவ்வாய், பகல் 12.50

ஓடும். ஆனா அம்மா விஷயத்துல யோசிக்கணும். மட்டம் குறையக் குறைய தண்ணி கீழ போயிரும், படகு நிக்கிற இடமும் கூடவே கீழ போயிரும். நிறைஞ்ச ஏரியில பத்துப் படி இறங்குனா படகு. மே மாசத்துல அதுக்கும் கீழ சரிவுல நெடுக இறங்கணும். இறங்கிருவாங்க. திரும்ப ஏறுறப்பதான் வெயில்ல மூச்சு வாங்கும். கைத்தடி எடுத்துக்குங்க, கூட்டத்தோட முந்தாம கடைசியா ஏறட்டும்.

தேனி_அக்கா · செவ்வாய், மதியம் 2.15

தம்பி, அம்மாவைக் கூட்டிட்டுப் போறதுன்னா அரை மணி நேரம் முன்னாடியே துறையில இருங்க. அவசரத்துலதான் முட்டி வழுக்குது.

டிக்கெட் விஷயத்துல பாதிப் பேர் ஏமாந்து போறது இங்கதான்: பூங்கா நுழைவுக் கட்டணம் தனி, படகுக் கட்டணம் தனி. ஆன்லைன்ல படகுக்குப் பணம் கட்டிட்டு எல்லாம் முடிஞ்சுதுன்னு வந்து நிப்பாங்க. வண்டியை ஆனவச்சால் பார்க்கிங்லயே விட்டுறணும், சொந்தக் காரு உள்ள போகாது. அங்கிருந்து வனத்துறை பஸ். அந்த பஸ்ஸுக்கு வரிசை நிக்கிறதுலயே லீவு நாள்ல முக்கால் மணி நேரம் போகும். 3.30 படகுன்னா 1.45-க்கு ஆனவச்சால்ல இருக்குற மாதிரி வாங்க.

படகு சீட்டை ஆன்லைன்லயே எடுத்துருங்க, சனி ஞாயிறுன்னா பத்து நாளைக்கு முன்னாடி. யார் பேர்ல எடுக்குறீங்களோ அவங்க ஆதார் அட்டை அசலோட வரணும். மலைக்கு மேல சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால டிக்கெட்டைக் கம்பம் வர்றதுக்குள்ள போன்ல இறக்கி வெச்சுக்குங்க, ஒரு காகிதப் பிரதியும் இருக்கட்டும்.

பையில வைக்க வேண்டியது: ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, எவர்சில்வர் பாட்டில்ல. பிளாஸ்டிக் பை, பாட்டிலோட உள்ள விட மாட்டாங்க. ஓஆர்எஸ் பாக்கெட் நாலு. ஒரு பாக்கெட் முழுசா ஒரு லிட்டர்ல கரைக்கணும், டம்ளர்ல பாதி பாதியா போட்டா பையனுக்கு வாந்திதான். தொப்பி எல்லாருக்கும். ஏரித் தண்ணியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கீழிருந்து அடிக்கும், அதுக்குக் குடை உதவாது.

சாப்பாட்டைக் கம்பத்துலயே ஒரு மணிக்குள்ள முடிச்சிருங்க. மலைப்பாதையில பையனுக்குக் குமட்டும்னா வயிறு முட்டச் சாப்பிட விடாதீங்க, ஜன்னலோரமா உக்கார வெச்சு எதிர்ல ரோட்டைப் பாக்கச் சொல்லுங்க. போன் குடுத்தீங்களோ, ரெண்டாவது கொண்டை ஊசியிலேயே வண்டியைக் கழுவணும்.

துறையில நாட்டுக் குரங்கு ஜாஸ்தி. கையில கேரி பேக் பாத்தா உள்ள என்ன இருக்குன்னு கேக்காது, பிடுங்கிரும். தின்பண்டத்தை ஜிப் வெச்ச பைக்குள்ள வைங்க. பிடுங்கிருச்சுன்னா விட்டுருங்க, இழுக்காதீங்க.

நடைதான்_நல்லது · செவ்வாய், மாலை 4.48

எல்லாரும் படகு படகு என்கிறீர்கள். நூற்றுச் சொச்சம் பேர் ஒரு டீசல் எஞ்சின் மேல் உட்கார்ந்து, கரையில் மாடு தெரிந்தால் ‘அங்க பாரு’ என்று கூச்சல் போடுவதற்குப் பெயர் காடு பார்ப்பதா? நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்துவிட்டு அதற்கா பணம்?

வனத்துறையே வழிகாட்டியோடு காட்டு நடை நடத்துகிறது. சிறு குழு, சுமார் மூன்று மணி நேரம். வழிகாட்டிகள் காட்டை ஒட்டி வாழும் மன்னான், பளியர் சமூகத்தவர்கள். சிலர் ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயனா மரத்தின் வாசனைப் பட்டையை உரித்தவர்கள். 1990-களின் கடைசியில் வழக்குகளிலிருந்து விடுவித்து அவர்களையே காவலுக்கும் வழிகாட்டலுக்கும் அமர்த்தினார்கள். எந்தத் தடத்தில் யார் போனார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுபோல் யாருக்கும் தெரியாது. ஒரு யானைப் பிண்டத்தைக் குச்சியால் பிரித்து, உள்ளே ஈரம் எவ்வளவு, வண்டு வந்துவிட்டதா என்று பார்த்து, காலையிலா நேற்றா என்று சொல்லிவிடுவார்கள். படகில் இதெல்லாம் உண்டா?

பாம்புத்தாரா · செவ்வாய், மாலை 5.30

நடையைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாது. மூட்டுவலி உள்ள பெரியவர் மூன்று மணி நேரம் ஏற்ற இறக்கத்தில் நடக்க முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு வயது வரம்பும் உண்டு, பதிவு செய்யும் பக்கத்திலேயே போட்டிருக்கும்.

விலங்கு பார்ப்பதிலும் ஒரு விஷயம். அந்த விலங்குகள் பல தலைமுறையாகப் படகைப் பார்த்து வளர்ந்தவை. எஞ்சின் சத்தம் அவற்றுக்கு ஆபத்தாகத் தெரிவதில்லை, தலையைக்கூடத் தூக்காது. அதே காட்டெருது இரண்டு கால் மனிதன் நடந்து வந்தால் நூறு மீட்டரிலேயே மோப்பம் பிடித்து உள்ளே போய்விடும். பாலூட்டிகளை நிதானமாகப் பார்க்கப் படகு. காட்டைப் பார்க்க நடை. மலை அணில், கருமந்தி, இருவாச்சி எல்லாம் நடையில்தான்.

இளைஞர்கள் நான்கு பேர், மூங்கில் மிதவைக்குப் போகலாமா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். அது காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 5 வரை. நடையும் துடுப்பும் கலந்தது. அதற்கு முந்தின இரவே குமுளியில் தங்க வேண்டும்.

ஆரப்பாளையம்_பஸ் · செவ்வாய், இரவு 8.05

கார் இல்லாத நாங்கள் மூன்று பெண்கள், கல்லூரி. பஸ்ஸில் முடியுமா? தேனிக்கு ரயில் இருக்கிறதே, அது?

மூணாவது_கியர் · செவ்வாய், இரவு 8.22

ரயில் காலை எட்டு மணிக்கு மேலதான் மதுரையை விடும், தேனி வரைக்கும்தான் உங்களுக்கு உதவும், அங்க இறங்கி மறுபடி பஸ். ஒரு பிரயோசனமும் இல்லை. ஆரப்பாளையத்துல குமுளி போர்டு போட்ட பஸ்ஸைப் பிடிங்க. நேரடி இல்லைன்னா தேனி, கம்பம்னு மாத்துங்க. நாலரை மணி நேரம் வைங்க. 3.30 படகுக்கு ஆரப்பாளையத்துல காலை 7 மணிக்காவது ஏறிடணும்.

தமிழ்நாட்டு பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்னுரும். இறங்கி நடந்து அந்தப் பக்கம் போகணும், தூரம் இல்லை. பூங்காவுக்கு ஆட்டோ. திரும்பும்போது ஆறு மணிக்கெல்லாம் இந்தப் பக்கம் வந்துருங்க. மதுரைக்கு நேரடி பஸ் இல்லைன்னா கம்பம் வந்துட்டா போதும், அங்கிருந்து ராத்திரியிலும் வண்டி உண்டு.

கம்பம்மெட்டு · செவ்வாய், இரவு 9.10

போகக் கூடாத நாட்களை யாரும் சொல்லவில்லை.

ஒன்று, சித்ரா பௌர்ணமி. மங்கலதேவி கண்ணகி கோயில் இந்தக் காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் பக்தர்களை விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப், கூடலூர்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடை. அன்று குமுளியில் கால் வைக்க இடமிருக்காது. மதுரைக்காரர்கள் எப்படியும் அன்று அழகர் ஆற்றில் இறங்குவதை விட்டுவிட்டு வர மாட்டீர்கள், ஆனாலும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. சித்திரைக் கடைசியில் எட்டு நாள். தேனி தாண்டியதும் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், ஒரு மணி நேரம் கூடுதலாகும்.

மூன்று, கார்த்திகை முதல் தை மகரவிளக்கு வரை. ஐயப்ப பக்தர் வண்டிகள். நெரிசல் கூடினால் ஏறும் வண்டிகளைக் கம்பத்திலிருந்து ஏறும் இன்னொரு மலைப்பாதையான கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி, குமுளி மலைப்பாதையை இறங்குவதற்கு மட்டும் வைப்பார்கள்.

அரசரடி_அப்பா · புதன், காலை 7.50

எல்லாருக்கும் நன்றி. 3.30 படகுன்னு முடிவு பண்ணிட்டேன். படகுல எங்க உக்காரணும்? பைனாகுலர் வாங்கணுமா? பக்கத்துல கவின்னு ஒரு காட்டு இடம் இருக்காமே, அதைப் பத்தியும் தங்கச்சி கேக்குது.

பாம்புத்தாரா · புதன், காலை 8.35

கவி தனி நாள். வண்டிப்பெரியாறு, வள்ளக்கடவு சோதனைச் சாவடி வழியாக, முன்பதிவோடு. தேக்கடியோடு சேர்க்காதீர்கள்.

இருக்கை எண் டிக்கெட்டிலேயே இருக்கும், அதில்தான் உட்கார வேண்டும். மேல் தளத்தில் பார்வை விரிவு, அம்மாவுக்குக் கீழ்த்தளம் எளிது. எந்தப் பக்கம் என்று மெனக்கெட வேண்டாம், போன வழியே திரும்பும்போது மறுகரை உங்கள் பக்கம் வந்துவிடும். உயிர்காப்பு அங்கியைக் கடைசிவரை கழற்றக் கூடாது, எழுந்து ஒரு பக்கமாக ஓடக் கூடாது. சிப்பந்திகள் இதில் கறாராக இருப்பார்கள். 2009 செப்டம்பர் 30-ல் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பையனிடம் இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

பைனாகுலர் அவசியம் வேண்டும், வாங்க வேண்டியதில்லை, யாரிடமாவது இரவல் கேளுங்கள். 8×42 போதும். 10×50 பெரிதாகக் காட்டும், ஆனால் எஞ்சின் அதிர்வில் உருவம் ஆடிக்கொண்டே இருக்கும், எடை வேறு. கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றாதீர்கள், கம்பி வழியாக அதிர்வு ஏறும். விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள். கேமரா என்றால் ஷட்டர் 1/1000-க்குக் குறையக் கூடாது.

பார்க்கும் முறை: காட்டை மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. புல்லும் மரமும் சேரும் கோட்டை மட்டும் இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவுங்கள். அசையாத கரும்பாறைக்கு முழங்காலுக்குக் கீழ் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் தெரிந்தால் அது காட்டெருது. சாம்பல் மேட்டில் விசிறி ஆடினால் யானைக் காது. தண்ணீரில் அம்புக்குறி மாதிரி கோடு கிழித்துக்கொண்டு மூன்று நான்கு தலை வந்தால் நீர்நாய்.

ஏரிக்குள் பட்டுப்போன மரங்கள் நிற்கின்றனவே, அவற்றை விட்டுவிடாதீர்கள். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை, நூற்று முப்பது வருடமாகத் தண்ணீருக்குள் நிற்கின்றன. வற்றும் கோடையில் மரத்தின் இடுப்புவரை வெளியே தெரியும். தண்ணீர் நின்று இறங்கிய உயரங்கள் உடம்பில் வரிவரியாகப் பதிந்திருக்கும், உச்சிக் கிளை நீர்க்காக எச்சத்தில் வெள்ளையடித்ததுபோல் இருக்கும். அதில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு, ஆங்கில ‘S’ எழுத்தைப் போல் கழுத்தை வளைத்து நிற்பது பாம்புத்தாரா. அதன் இறகில் நீர்க்காகத்தைப் போலவே தண்ணீர் ஊறும். ஊறினால்தான் ஆழத்துக்கு முங்க முடியும், முங்கியபின் காயவைத்தே ஆக வேண்டும். நீந்தும்போது உடம்பு தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. பாம்பு என்று யாராவது அலறுவார்கள், அப்போது பையனிடம் பெயரைச் சொல்லுங்கள்.

தேனி_அக்கா · புதன், காலை 9.20

துணிமணியைப் பத்தி ஒரு வார்த்தை. சிவப்பு, வெள்ளை, ஜிகினா வேண்டாம். மங்கலான பச்சை, காவி, சாம்பல். சென்ட் அடிச்சுக்க வேண்டாம்.

அட்டைக்குப் பயந்து உப்பு மூட்டை கட்டாதீங்க. காஞ்ச கோடையில படகுக்கு மட்டும் போறவங்களுக்கு அட்டை கிடையாது. நடைக்குப் போறவங்க ஜூனுக்கு மேல போனா அட்டைக் காலுறை போடணும், முழங்கால் வரை இறுக்கிக் கட்டுறது. அப்படியும் ஏறிட்டா பிய்க்காதீங்க, நகத்தைத் தோலோட ஒட்டிச் சரிச்சு வாயை விடுவிக்கணும். இரத்தம் ரொம்ப நேரம் கசியும். அது கடிக்கும்போது இரத்தம் உறையாம இருக்க ஒரு பொருளை உள்ள விடுறதால அப்படி. பஞ்சு வெச்சு அழுத்திக் கட்டுனா போதும்.

நடைதான்_நல்லது · புதன், காலை 10.02

கோடை நடையில் அட்டைக்குப் பதில் உண்ணி. புல்லில் உரசினால் ஏறிவிடும், கடுகில் பாதி அளவுதான் இருக்கும். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் முழங்கால் பின்பக்கம், இடுப்பு வார் இடம், அக்குள் மூன்றையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலருகே பிடித்து நேராக இழுக்க வேண்டும். திருகினால் தலை உள்ளே தங்கிப் பத்து நாள் அரிக்கும்.

ஒத்தை யானை வழியில் நின்றால் வழிகாட்டி கையைக் காட்டும் திசையில் சத்தமில்லாமல் பின்வாங்க வேண்டும், அவ்வளவுதான். போட்டோ எடுக்க நின்றவர் யாராயிருந்தாலும் அவரை விட்டுவிட்டு வழிகாட்டி போக முடியாது. அதனால் குழு முழுக்க மாட்டும்.

படகு விஷயத்தில் இந்தக் குடும்பத்துக்கு அதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். கூச்சலை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அரசரடி_அப்பா · புதன், பகல் 11.15

அப்ப திட்டம் இது. காலை 8.00 அரசரடி. 10.15 தேனி, டீ. 11.45 கம்பம், சாப்பாடு, பெட்ரோல். 12.45 கிளம்பி 1.30-க்கு குமுளி. 1.45 ஆனவச்சால். 3.30 படகு. 5 மணிக்குக் கரை. 6-க்கு மலை இறக்கம். ராத்திரி 10-க்குள்ள வீடு. மலைப்பாதையில இருக்குற இரைச்சல் பாலத்துல நிறுத்தி, அணைத் தண்ணி இறங்குற அந்த ராட்சசக் குழாயெல்லாம் பையனுக்குக் காட்டலாம்னு இருக்கேன். மசாலா, பன்னீர் திராட்சை எல்லாம் திரும்பும்போது.

கூடலூர்_தோட்டம் · புதன், பகல் 11.40

நேரம் சரியா இருக்கு. ரெண்டு திருத்தம்.

ஏலக்காய், மிளகு குமுளியில வாங்குறதா இருந்தா படகுக்கு முன்னாடியும் வேண்டாம், பின்னாடி இருபது நிமிஷத்துக்கு மேலயும் வேண்டாம். 5-க்குக் கரையேறினாலும் பஸ் பிடிச்சு ஆனவச்சால் வர 5.45 ஆயிரும். இருட்டுக்கு முன்னாடி லோயர்கேம்ப் இறங்கிடணும். அந்தி சாஞ்சா மலைப்பாதையில யானையோ மாடோ ரோட்டைக் கடக்கும். நின்னா ஹார்ன் அடிக்காதீங்க, ஹை பீம் போடாதீங்க, தூரத்துலயே நிறுத்திப் பொறுங்க. 2023-ல அரிக்கொம்பன்ங்கிற காட்டு யானை கம்பம் ஊருக்குள்ளயே வந்து நின்னதை மறந்துராதீங்க. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் இந்தக் காப்பகத்துல கொண்டாந்து விட்டிருந்தாங்க.

இன்னொண்ணு, இரைச்சல் பாலத்துல நிறுத்த வேண்டாம். வளைவு, பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு நீங்க தெரிய மாட்டீங்க. குழாயை லோயர்கேம்ப்ல அடிவாரத்துல நின்னே காட்டலாம். மேல ஏரியிலிருந்து சுரங்கம் வழியா மலையைக் குடைஞ்சு வந்த தண்ணி அந்தக் குழாய்லதான் இறங்கி மின்நிலையத்துல டர்பைனைச் சுத்துது. அப்புறம் சுருளியாறு, வைகை அணைன்னு போய் உங்க வீட்டுக் குழாய்க்கு வருது. ஏறும்போதே காட்டிருங்க, இறங்கும்போது வெளிச்சம் இருக்காது. அணையைக் கட்டுன பென்னிகுவிக்கோட மணிமண்டபமும் அங்கதான், பத்து நிமிஷம், நிழலும் உண்டு. அம்மா காலை நீட்டிக்கிட்டும்.

தேனி_அக்கா · புதன், பகல் 11.58

பன்னீர் திராட்சையைக் கூடையோட டிக்கியில வைக்காதீங்க தம்பி, டிக்கி சூட்டுக்குத் தேனி வர்றதுக்குள்ள நசநசன்னு ஆயிரும். ஈரத்துணி போட்டு மூடி அம்மா காலடியில வைங்க.